குழுவும் குழுவினரும்

ஜூன் 4

அன்புள்ளவளுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். தங்குவதற்கு அச்சகத்தின் மாடியிலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கீழே புத்தகம் தைத்து ஒட்டும் கட்டுக்கூடம் என்பதால் தலையணைகூடப் பசை வாடை அடிக்கிறது. காலை எட்டு மணிக்குத் தாள் வெட்டும் மிஷின் ஓடத் தொடங்கினால் மேஜைமேல் டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். மற்றபடி குறை ஒன்றுமில்லை.

என் ஆங்கில இலக்கணக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பை மேலோட்டமாகத் திருத்தினால் போதாதாம்; முழுக்கப் புதுப்பிக்க வேண்டுமாம். பதிப்பாசிரியர் அம்மாவின் உத்தரவு. சிவப்பு மை தவிர வேறு மையை அவர் தொடுவதில்லை. முதல் நாளே ஒன்பதாம் பாடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், கமிட்டி, ஸ்டாஃப், டீம்... இந்தத் தொகுதிப் பெயருக்குப் பின்னாடி இஸ் வருமா, ஆர் வருமான்னு எந்தப் புத்தகத்தைப் படிச்சாலும் யாருக்கும் மண்டையில ஏற மாட்டேங்குது. உங்க புத்தகத்துல மட்டும் எப்படி ஏறுது?"

"தமிழ்ல சொல்லிப் பாருங்க மேடம்," என்றேன். "'குழு'ன்னு வாயில வந்தா இஸ். 'குழுவினர்'னு வந்தா ஆர். குழு கலைந்தது, அங்கே ஒருமை. குழுவினர் ஆளுக்கொரு பக்கம் பேசினர், அங்கே பன்மை. வால்ல 'இனர்' ஒட்டுதா இல்லையான்னு பார்த்தாப் போதும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த அச்சகத்தில் பதிப்பாசிரியர் அம்மா பேனாவைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லையாம்; கட்டுக்கூடத்து மேஸ்திரி சொன்னார். தேநீர் நேரத்திலும் அதே பேச்சுத்தான். பதிப்பாசிரியர் அம்மாவுக்கு அந்தப் பாடத்துக்கு இன்னும் பயிற்சிகள் வேண்டுமாம். நீல அட்டை நோட்டு எங்கே இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். பதிவுத் தபாலில் அனுப்பி வை. பதிப்பாசிரியர் அம்மாவுக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது.

உன் அன்பன்.

ஜூன் 11

அன்புள்ள உங்களுக்கு,

நோட்டு வருகிறது. பழைய துண்டில் சுற்றியிருக்கிறேன், மழையில் நனைந்தாலும் எழுத்து கலையாது.

உங்கள் கடிதத்தில் பதிப்பாசிரியர் அம்மா நான்கு முறை வருகிறார். நான் ஒரு முறை வருகிறேன், நோட்டு இருக்கும் இடம் தெரிந்தவளாக. எண்ணவேண்டும் என்று எண்ணவில்லை. வாக்கியத்தில் எழுவாயைத் தேடித் தேடிப் பழகிவிட்ட கண், தானாக எண்ணிவிட்டது.

"தமிழ்ல சொல்லிப் பாருங்க மேடம்" என்று சொன்னீர்களாமே. அது யார் சொன்னது என்றும் சொன்னீர்களா? உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. நம் முன்னறையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு நர்ஸ் அழுதாளே, 'ஃபேமிலி'க்கு இஸ் போட்டாலும் தப்பு, ஆர் போட்டாலும் தப்பு என்கிறீர்களே அக்கா என்று. "சரி, உன் வாயால சொல்லு. உன் குடும்பம் பெரிசு. உன் குடும்பத்தினர் சண்டை போடறாங்க. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அட, வாலு முளைச்சிருச்சே அக்கா!" என்றாள். அன்றிலிருந்து அது வால் விதி. நீங்கள் உள்ளறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள். இரவுச் சாப்பாட்டின்போது உங்களிடம் சொன்னேன். "ம், நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள்.

அடுத்த வருடம் அது உங்கள் புத்தகத்தில் அச்சானது. அட்டையில் உங்கள் பெயர் மட்டும் இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதை வேறொரு பெண்ணிடம் சொல்லி, அவர் பேனாவைக் கீழே வைத்தார் என்று படித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோனேன். அவ்வளவுதான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வகுப்பு நடக்கிறது. இப்போது படிக்கும் நர்ஸ்கள் இருவருக்கும் ஆகஸ்ட் 24 அன்று வெளிநாட்டு வேலைக்கான தேர்வு. லிஃப்ட் பழுது பார்ப்பவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். எல்லா வினைக்கும் 'இங்' போட்டுவிடுகிறார்.

அந்த அம்மாவுக்கு என்ன வயதிருக்கும்? சும்மாதான் கேட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி.

ஜூன் 20

அன்புள்ளவளுக்கு,

நோட்டு கிடைத்தது. துண்டும் பயன்பட்டது, இங்கே ஜன்னல் ஒழுகுகிறது.

ஒன்பதாம் பாடத்தின் ப்ரூஃப் தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். ஓரத்தில் சிவப்பு மையில் இருப்பவை பதிப்பாசிரியர் எழுதியவை. நீ படித்துப் பார்த்து, இன்னும் நாற்பது பயிற்சி வாக்கியம் எழுதி உடனே அனுப்பு. போலீஸ், கேட்டில் போல எப்போதும் பன்மையாகவே நிற்கும் சொற்களுக்கு ஐந்து. 'எ நம்பர் ஆஃப்', 'தி நம்பர் ஆஃப்' குழப்பத்துக்கு ஐந்து. மீதி உன் விருப்பம். சீக்கிரம் தேவை.

'ஜோடி' என்று பொருள்படும் 'கப்பிள்' என்ற சொல்லில் வால் விதி கொஞ்சம் இடறுகிறது. அதைப் பற்றியும் உனக்குத் தோன்றுவதை ஒரு வரி எழுது. நேரம் இருந்தால்.

வேலை இழுத்துக்கொண்டே போகிறது. இரண்டு வாரம் என்று வந்தேன், ஆறு வாரம் ஆகும்போல இருக்கிறது. கல்லூரிக்கு விடுப்பை நீட்டி எழுதிவிட்டேன். நீ கேட்ட மற்ற விஷயங்களை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் அன்பன்.

ஜூலை 1

உங்களுக்கு,

நேற்று உங்கள் தங்கை வந்தாள். வேலை விஷயமாக நீங்கள் இருக்கும் ஊருக்குப் போனவள், அண்ணனைத் திடீரென்று போய்ப் பார்த்து ஆச்சரியப்படுத்தலாம் என்று அச்சகத்துக்குப் போனாளாம். ஆச்சரியப்பட்டது அவள்தான்.

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, நான் சொல்லக்கூடாதுன்னுதான் நினைச்சேன்."

"அப்ப சொல்லாதே."

"சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது. தேநீர் அறையில அண்ணனும் அந்தம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாங்க. அந்தம்மா ஒரு நோட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. கண்ணுல தண்ணியே வந்திருச்சு. அண்ணன் முகம் செவந்து கிடக்கு."

"என்ன நோட்டு?"

"நீல அட்டை. அப்புறம் அவங்க ஒரு நீளமான உறையை அண்ணன் கையில கொடுத்தாங்க. அந்த நேரம் பார்த்து அண்ணன் என்னைப் பார்த்துட்டாரு. உறை சட்டைக்குள்ள போன வேகம் இருக்கே! நீ எப்ப வந்தேன்னு கேக்கலை, சாப்பிட்டியான்னு கேக்கலை. 'உங்க அண்ணிகிட்ட ஒண்ணும் சொல்லாதே'ங்கிறாரு."

மடியில் கனம் இல்லாதவருக்கு வழியில் என்ன பயம்? அந்த உறையில் இருந்தது என்ன?

உங்கள் ப்ரூஃபையும் படித்தேன். சிவப்பு மையில் ஓரத்தில் இருக்கும் வாக்கியங்களைத் தமிழாக்கித் தருகிறேன், உங்களுக்கே மறந்திருந்தால். "ஜோடி ஏரிக்கரையில் நடந்தனர்." "ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர்." "ஜோடி பிரிந்துபோக மனமில்லாமல் நின்றனர்." உலகத்தில் தொகுதிப் பெயருக்கா பஞ்சம்? ராணுவம் இல்லையா, சபை இல்லையா, மந்தை இல்லையா? என் நோட்டில் ஏரியும் கிடையாது, ஜோடியும் கிடையாது. என் நோட்டில் நடுவர் குழு சண்டை போடும், கால்பந்து அணி சட்டை மாற்றும். அந்த வாக்கியங்களை எல்லாம் எங்கே வைத்தீர்கள்? ப்ரூஃபில் பாதியைக் காணோம்.

நீங்கள் கேட்ட நாற்பதில் இருபத்திரண்டு வாக்கியம் இத்துடன் இருக்கிறது. மீதி பதினெட்டு, உறைக்குள் என்ன இருந்தது என்று பதில் வந்த பிறகு.

கோபத்திலும் தப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்கமுடியவில்லை. 'ஜோடி'க்கு வால் ஒட்டாது. 'ஜோடியினர்' என்று யாரும் சொல்வதில்லை. அங்கே 'அவரவர்' போட்டுப் பார்க்கவேண்டும். ஜோடி அவரவர் வீட்டுக்குப் போனார்கள்: பொருந்துகிறது, பன்மை. ஜோடி அவரவர் முதல் பரிசு வாங்கியது: பொருந்தவில்லை, ஒருமை. இதைச் சொல்ல ஒரு வரி போதும். நேரமும் இருந்தது.

இப்படிக்கு,
நோட்டுக்காரி.

ஜூலை 9

உனக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. இருபத்தோரு வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பிறகு ஒரு மனிதன் தன் மனைவிக்கு இப்படியெல்லாம் விளக்கம் எழுதவேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் கேவலமாக இருக்கிறது. என் தங்கைக்குக் கண் இருக்கும் அளவுக்கு வாய் இருக்கக்கூடாது.

உறையில் இருந்தது அலுவலகக் காகிதம். அவ்வளவுதான். பதிப்பாசிரியருக்கு என்னைவிட ஒன்பது வயது கூடுதல். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அதைத் தேடும் ரகம். போதுமா?

ஜோடி வாக்கியங்கள் என்னைச் சோதிப்பதற்காக எழுதப்பட்டவை. அதற்குமேல் அவற்றில் ஒன்றுமில்லை. ஏரிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இந்த ஊரில் ஏரியே இல்லை.

உன் வாக்கியங்களில் பாதியைக் காணோம் என்கிறாய். ஒரு புத்தகத்துக்கு ஒரு குரல்தான் இருக்கவேண்டும். சிலவற்றை நான் எடுத்துவிட்டேன், அது நூலாசிரியரின் உரிமை. பயிற்சிக்கு நாலு வாக்கியம் எழுதுவது வேறு, புத்தகம் எழுதுவது வேறு. இது அந்த அம்மாவுக்கும் விளங்கவில்லை, உனக்கும் விளங்கவில்லை.

மீதி பதினெட்டை அனுப்பினால் அனுப்பு. இல்லாவிட்டால் நானே எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு.

ஜூலை 16

மதிப்பிற்குரிய நூலாசிரியர் அவர்களுக்கு,

'பயிற்சிக்கு நாலு வாக்கியம்' என்கிற அந்த வரியை நான் பல தடவை படித்தேன். பிறகு அடுத்த வரியைப் படித்தேன். "இது அந்த அம்மாவுக்கும் விளங்கவில்லை." அந்த அம்மாவுக்கு இது எதற்காக விளங்கவேண்டும்? யார் எழுதியது என்ற பேச்சே வராதபோது?

அந்தக் கேள்விக்கு விடை உங்களிடமிருந்து வரவில்லை. தபால்காரர் கொண்டுவந்தார். நேற்று நீல நோட்டு திரும்பி வந்தது. நான் கட்டிய பொட்டலத்தின் மேல் இருந்த அனுப்புநர் முகவரியைப் பார்த்து அந்த அம்மாவே அனுப்பியிருக்கிறார். முதல் பக்கத்தில் ஒரு சீட்டு. சிவப்பு மைதான்.

"அம்மா, உங்களுக்கு என் வணக்கம். உங்களுக்கு இரண்டு கடிதங்கள் எழுதி உங்கள் கணவரிடம் கொடுத்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. வீட்டை விட்டு உங்களால் வரமுடியாது என்று அவர் சொல்கிறார். அதை உங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன். நோட்டின் எழுபத்தோராம் பக்க ஓரத்தில் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அன்று மாலை முழுவதும் சிரித்தேன். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: வருவீர்களா?"

எழுபத்தோராம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். கால்பந்து அணி சட்டை மாற்றும் வாக்கியத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: 'இது இவருக்குப் பிடிக்காது. இவரிடம் கேட்காமல் சேர்த்துவிட வேண்டும்.' எப்போது எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை.

ஒரு பெண் எழுதிய கடிதத்தை உங்கள் சட்டைக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று பதினைந்து நாளாக நெருப்பை விழுங்கிக்கொண்டிருந்தேன். அது எனக்கு வந்த கடிதம். என் பெயர் எழுதிய உறை.

இரண்டையும் அனுப்புங்கள். பிரித்திருந்தாலும் பரவாயில்லை.

ஜூலை 23

அன்புள்ளவளுக்கு,

இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். முதல் உறையை நான் பிரித்தேன். இரண்டாவதைப் பிரிக்கவில்லை, அதில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டதால்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் அவர் கேட்டபோது வால் விதி என்னுடையது என்றேன். நோட்டு வந்ததும், "கையெழுத்து வேறயா இருக்கே சார்?" என்றார். "வீட்டுல படி எடுத்து எழுதுவாங்க" என்றேன். அடுத்து அவர் ப்ரூஃப் ஓரத்தில் அந்த ஜோடி வாக்கியங்களை எழுதி, "இதுக்கு உங்க விதி என்ன சொல்லுது?" என்று நீட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் யோசித்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குள் அவர் எழுபத்தோராம் பக்கத்துக்கு வந்துவிட்டார். என் தங்கை பார்த்த சிரிப்பு அதுதான். "சார், படி எடுக்கிறவங்க இப்படியா எழுதுவாங்க? 'இவருக்கு'ன்னா எவருக்கு?" அப்போதுதான் உறையைக் கொடுத்தார். "இதை உங்க வீட்டம்மாவுக்கு அனுப்பிடுங்க."

அனுப்பவில்லை. பிரித்தேன். உன்னை இங்கே வரச்சொல்லி, உனக்கென்று தனியாகப் பயிற்சிப் புத்தகம் போடலாம் என்று எழுதியிருந்தார். ஐந்து பதிப்பு வந்த என் புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது. "மற்ற பாடங்கள் வழக்கமானவை."

பிறகு உன் கோபக் கடிதம் வந்தது, 'அவரவர்' விடையோடு. அன்று மத்தியானமே அதை என் விடையாகக் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்களுக்கு விடையெல்லாம் தபால்லதான் வருமா சார்?" என்றார். இரண்டாவது உறையை மேஜைமேல் வைத்தார். கட்டுக்கூடத்து மேஸ்திரி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

நீ பதினைந்து நாள் நெருப்பை விழுங்கியதாக எழுதினாய். நான் எத்தனை வருடமாக விழுங்குகிறேன் என்று உனக்குத் தெரியாது. கல்லூரியில் பத்தொன்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை, தூங்கியிருக்கிறார்கள். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நர்ஸ்களும் கண்டக்டர்களும் உன்னைச் சுற்றி உட்கார்ந்து, இலக்கணம் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. புத்தகத்தைப் படித்துவிட்டு ஆசிரியர்கள் பலர் எனக்குக் கடிதம் எழுதுவார்கள். பாராட்டுவதெல்லாம் ஒன்பதாம் பாடத்தைத்தான். அவற்றை உன்னிடம் நான் காட்டியதில்லை. கல்லூரி மேஜையின் இழுப்பறையில் இருக்கின்றன. பதினேழு கடிதங்கள்.

வா என்று எழுதக் கை வரவில்லை. வராதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

உன் அன்பன் என்று எழுதலாமா என்று தெரியவில்லை.

ஜூலை 30

உங்களுக்கு,

மூன்று நாள் பதில் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் வசவாக வந்தது. வசவை எழுதினால் நீங்கள் அதிலும் ஒற்றுப்பிழை பார்ப்பீர்கள்.

பதினேழு கடிதங்கள். முதலில் எனக்கு அந்த இரண்டு உறைகள்தான் பெரிதாகத் தெரிந்தன. இப்போது இந்தப் பதினேழுதான் உறுத்துகிறது. ஒவ்வொன்று வந்த நாளிலும் நீங்கள் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டிருப்பேன். "ஒண்ணுமில்லே" என்றிருப்பீர்கள்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு ஊரில் பெயர் இருக்கிறது, பழமொழி இருக்கிறது, நாத்தனார் துணைக்கு வருவாள். என் வாக்கியங்களுக்காக உங்கள்மேல் பொறாமைப்பட எனக்கு வாய் வரவில்லை. முதல் பதிப்பில் ஒன்றரைப் பக்கமாக இருந்த பாடம் இரண்டாம் பதிப்பில் பதினான்கு பக்கமானபோதே நான் கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் அடுத்த பதிப்புக்கும் நோட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். அதனால் குற்றம் முழுவதையும் உங்கள் தலையில் கட்டப் போவதில்லை. முக்கால்வாசியைக் கட்டுகிறேன்.

உங்கள் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது.

"அப்ப நான் பார்த்தது பொய்யா அண்ணி?"

"பார்த்தது நிஜம்தான். பொழிப்புரைதான் தப்பு."

"எதுக்கும் நான் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?"

"உங்க அண்ணன் முதல்ல கேக்கட்டும். நீ வரிசையில நில்லு."

நான் வருகிறேன். அந்த அம்மாவுக்கு நேற்றே நேராக எழுதிவிட்டேன். ஆறாம் தேதி காலை ரயில். மாடி அறை எனக்கு வேண்டும், அதனால் ஐந்தாம் தேதி நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். வகுப்பை நீங்கள்தான் நடத்தவேண்டும். நீங்கள் வரும்போது நர்ஸ்களின் தேர்வுக்கு மூன்று வாரம்கூட இருக்காது, அவர்களை நடுவழியில் விடமுடியாது. பாடம் நடத்தும்போது எழுந்து நிற்காதீர்கள், பயப்படுவார்கள். லிஃப்ட்காரரைக் கேலி செய்யாதீர்கள், வராமல் இருந்துவிடுவார்.

வரும் வழியில் கல்லூரிக்குப் போய் அந்த இழுப்பறையைத் திறந்துவிட்டு வாருங்கள்.

உங்கள் மனைவி.

ஆகஸ்ட் 14

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த காகிதப் பையை ரயில் கிளம்பும்வரை நான் பிரிக்கவில்லை. இறங்கும்போது பதினேழையும் படித்து முடித்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர், "ஏதாவது துக்கச் செய்தியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இங்கே வேலை பிசாசாக ஓடுகிறது. அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. நான் எழுதிய அறுபது வாக்கியத்தில் பத்தொன்பதை அடித்துவிட்டார். "இது சிரிப்புக்காக எழுதினது, பாடத்துக்காக எழுதலை" என்கிறார். முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஒரு வாக்கியத்துக்காக ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். 'அரசு' என்று பொருள்படும் 'கவர்ன்மென்ட்' ஒருமையா பன்மையா என்று ஆரம்பித்து, ஒரே சொல்லை இங்கிலாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் இரண்டு விதமாக எழுதுகிறார்களே, தேர்வு எழுதுகிறவர்கள் எதைப் பிடித்துக்கொள்வது என்று போனது. கடைசியில் என் பக்கம்தான் தீர்ந்தது: எதை வேண்டுமானாலும் பிடி, ஒரே விடைத்தாளில் மாற்றாதே. இருபத்தோரு வருடத்தில் நீங்கள் என்னோடு ஒரு வாக்கியத்துக்காகச் சண்டை போட்டதில்லை. எழுதியதை வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். அதை நினைத்தால் இன்னும் சுருக்கென்கிறது.

கையேட்டின் ஒன்பதாம் பாடத்துக்குக் கீழே என் பெயர் வருகிறது. பயிற்சிப் புத்தகம் தனியாக, என் பெயரில் மட்டும். அட்டைக்கு என்ன நிறம் என்று என்னைக் கேட்டார்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு காரியம் கேட்கிறேன். பயிற்சிப் புத்தகத்துக்கு முன்னுரை நீங்கள் எழுதவேண்டும். அந்த அம்மா வேண்டாம் என்றார். "அவரு எழுதினா அதுலயும் அவரே எழுவாயா வந்து உட்கார்ந்துக்குவாரும்மா" என்றார். நான்தான் பிடிவாதமாக நிற்கிறேன். உங்களைத் தண்டிப்பதற்காகவா, நம்புவதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

வகுப்பு எப்படிப் போகிறது?

உங்கள் மனைவி.

ஆகஸ்ட் 26

அன்புள்ளவளுக்கு,

முந்தாநாள் தேர்வு முடிந்தது. சாயந்திரம் நர்ஸ்கள் இருவரும் வினாத்தாளை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டார்கள். தொகுதிப் பெயரில் மூன்று கேள்வியாம். மூன்றையும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். "வாலைப் பிடிச்சுக்கிட்டே ஏறிட்டோம் சார்" என்றாள் ஒருத்தி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம் நீடித்தது. பிறகு மற்றவள், "அக்கா எப்ப வருவாங்க? அக்காகிட்ட நேர்ல சொன்னாத்தான் எங்களுக்குத் திருப்தி" என்றாள்.

வகுப்பைப் பற்றிக் கேட்டாய். முதல் வாரம் எழுந்து நின்றுதான் நடத்தினேன், வேறு விதமாக எனக்கு வராது. நாலு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். இரண்டாம் வாரம் உட்கார்ந்தேன். உன் நாற்காலி எனக்குக் குட்டை, முழங்கால் மேஜையில் இடிக்கிறது. லிஃப்ட்காரர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், தப்பா நினைக்காதீங்க, நீங்க சொல்றது எல்லாமே சரிதான். அக்கா சொன்னா எங்களுக்கே தோணின மாதிரி இருக்கும்" என்றார். அன்று முழுவதும் அந்த வாக்கியம் என்னைத் துரத்தியது. மறுநாள் வகுப்பில், வால் விதி யாருடையது என்று முதன்முறையாகச் சத்தமாகச் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. "அது எங்களுக்குத் தெரியுமே சார்" என்றார்கள்.

நீயும் அந்த அம்மாவும் ஒரு வாக்கியத்துக்காக ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டதைப் படித்தேன். எனக்கு அந்தச் சண்டையின்மேல் பொறாமையாக இருக்கிறது. வாக்கியத்தின்மேல் இல்லை, அட்டைமேலும் இல்லை. உள்ளறைக் கதவைத் திறந்து வெளியே வந்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்கும். என் தங்கையிடம் இதைச் சொன்னேன். "இப்பவாவது தெரிஞ்சுதே அண்ணா" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

முன்னுரை எழுதுகிறேன். இன்றோடு ஆறு நாள். எட்டுத் தடவை ஆரம்பித்து எட்டையும் கிழித்துவிட்டேன். அந்த அம்மா சொன்னது சரிதான், எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே எழுவாயாக வந்து உட்கார்ந்துகொள்கிறேன். 'என் மனைவி' என்று தொடங்கினால் அதிலும் முதல் சொல் 'என்'.

இன்று காலை ஒரு வரி வந்தது. அதை நான் அடிக்கவில்லை. "இந்தப் புத்தகத்தில் உள்ள ஒரு வரியைக்கூட நான் எழுதவில்லை, எழுதியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஏங்கினேன்."

இரண்டாவது வரி இன்னும் வரவில்லை. அவசரமென்றால் இந்த ஒரு வரியையே அச்சுக்குக் கொடுத்துவிடு.

உன் அன்பன்.